ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரியிலிருந்து சாட்சிக் கூண்டு வரை: பாலியல் வன்கொடுமை வழக்கில் மருத்துவச் சான்று

தனக்கு நடந்ததை ஒரு பெண் வீட்டுக்கு வந்து அழுதபடி சொன்னால், எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துத் தாய்மார் முதலில் சொல்வது, "போயி தலைக்கு ஊத்திட்டு வாட்டி" என்பதுதான். களக்காடானாலும் முக்கூடலானாலும் இதில் பெரிய வித்தியாசம் இல்லை. துட்டி வீட்டுக்கு, அதாவது சாவு வீட்டுக்கு, போய்வந்தாலே தலை முழுகுகிற சீமை இது. உடுத்தியிருந்த துணியைச் சோப்புத் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். சிலர் கொல்லையில் போட்டு எரித்தே விடுவார்கள். மகள் மேல் ஒட்டிய அசிங்கம் தண்ணீரோடு போய்விடட்டும் என்று ஒரு தாய் நினைப்பதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அந்த ஒரு குளியலில், பிற்பாடு நீதிமன்றத்தில் அவளுக்குக் கைகொடுத்திருக்கக்கூடிய தடயங்களில் பெரும் பங்கு போய்விடுகிறது.

சில நாள் கழித்து விஷயம் வெளியே வரும்போது, அதே வீட்டில் இன்னொரு பேச்சு எழும். "குளிச்சாச்சு, துணியையும் துவைச்சாச்சு, ஒடம்புல ஒரு கீறல்கூட இல்ல. இனி கேஸ் எப்படி நிக்கும்?" ஊர்ப் பெரியவர்கள் பேசி முடிக்க வருவதற்கு இந்தக் கேள்விதான் வாசல். தெரியாமல் குளிப்பதைவிட, குளித்துவிட்டோமே என்று பின்வாங்குவதால் அழிந்த வழக்குகள்தான் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. இப்படிப்பட்ட பெண்களோடு ஆஸ்பத்திரிக்கும் கோர்ட்டுக்கும் சில ஆண்டுகளாகப் போய்வருகிறவள் என்ற முறையில், மருத்துவச் சான்றால் ஒரு வழக்குக்கு எது ஆகும், எது ஆகாது என்பதை விளக்கிச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதலில் நேரக் கணக்கு. ஒருவர் உடல் இன்னொருவர் உடலில் பட்டால் முடி, எச்சில், விந்து, தோல் துணுக்கு என்று ஏதாவது ஒன்று இடம் மாறும். அது எவ்வளவு நேரம் தங்கும் என்பது இடத்தைப் பொறுத்தது. வாய்க்குள் ஒரு நாளுக்கு மேல் தேடிப் பயனில்லை. பிறப்புறுப்பில் நான்கு நாள், அதாவது 96 மணி நேரம் வரை மாதிரி எடுத்துப் பார்க்கலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2014இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. துணியில் காய்ந்த கறை இதைவிடப் பல மடங்கு காலம் நிற்கும். துவைத்த துணியிலிருந்துகூடச் சில நேரம் ஆய்வகத்தால் எடுக்க முடிகிறது. அதனால் துவைத்துவிட்டோம் என்று துணியைத் தூக்கிப் போட வேண்டாம்.

இந்த நேரக் கணக்கு தடயத்துக்கு மட்டும் உரியதும் இல்லை. கர்ப்பம் தரிக்காமல் இருப்பதற்கான மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் எடுத்தால் நல்லது, அதிகபட்சம் ஐந்து நாள். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். வழக்கே வேண்டாம் என்று நினைக்கிற குடும்பமும் இந்த ஒரு காரணத்துக்காகவாவது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

போலீசுக்குப் போய் எஃப்.ஐ.ஆர். போட்ட பிறகுதான் ஆஸ்பத்திரியில் பார்ப்பார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி எந்தச் சட்டமும் இல்லை. போலீஸ் அனுப்பினால்தான் பரிசோதிப்போம் என்று மருத்துவமனை சொன்னதை, கர்நாடக அரசு எதிர் மஞ்சண்ணா வழக்கில் 2000ஆம் ஆண்டே உச்ச நீதிமன்றம் கண்டித்தது. குழந்தை என்றால், எஃப்.ஐ.ஆர். பதிவாகாவிட்டாலும் பரிசோதனை செய்யலாம் என்று, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 27ஆம் பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. அரசு ஆஸ்பத்திரியோ தனியார் ஆஸ்பத்திரியோ, பாதிக்கப்பட்டவருக்கு உடனடியாக இலவசமாக முதலுதவியும் சிகிச்சையும் தர வேண்டும். பழைய குற்ற நடைமுறைச் சட்டத்தில் 357சி பிரிவாக இருந்த இந்தக் கடமை, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 397ஆவது பிரிவாக இருக்கிறது. மறுக்கும் ஆஸ்பத்திரிப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. ஆஸ்பத்திரி போலீசுக்குத் தகவல் சொல்லியாக வேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

இங்கே நடப்பது வேறு. "டாக்டரம்மா இல்ல, ஐகிரவுண்டுக்குப் போயிருங்க" என்ற வார்த்தையை நானே என் காதால் கேட்டிருக்கிறேன். ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரி வாசலில், இரவு ஒன்பது மணிக்கு. கையில் ஒரு சீட்டுகூடக் கொடுக்கவில்லை. கடைசி பஸ் போய்விட்டது. அந்தக் குடும்பம் வீட்டுக்குத் திரும்பிப் போய், மறுநாள் விடிந்து பாளையங்கோட்டைக்கு வந்தபோது அந்தப் பெண் குளித்து முடித்திருந்தாள். ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரி, அதாவது 1965இல் தொடங்கிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை, தென்காசிப் பக்கத்திலிருந்தும் ராதாபுரம் கடற்கரையிலிருந்தும் சனங்கள் வந்து குவிகிற இடம். அங்கே தடயவியல் மருத்துவத் துறை இருக்கிறது, வசதி இருக்கிறது, சரி. ஆனால் மாதிரி எடுக்க ஒரு மருத்துவக் கல்லூரியே வேண்டும் என்பதில்லை. அம்பாசமுத்திரத்திலோ வள்ளியூரிலோ உள்ள அரசு மருத்துவர், பஞ்சுக்குச்சியும் கண்ணாடி ஸ்லைடும் காகித உறையும் இருந்தால் செய்யக்கூடிய வேலைதான். பெண் மருத்துவர் இல்லையென்றால், பெண் ஊழியர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆண் மருத்துவரே செய்யலாம், தாமதிக்கக் கூடாது என்கிறது 2014 வழிகாட்டி. சிறுமி என்றால் மட்டும் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும் என்பது போக்சோ சட்டத்தின் விதி.

பரிசோதனை அறைக்குள் என்ன நடக்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால் பாதிப் பயம் குறையும். முதலில் சம்மதம். 12 வயதைத் தாண்டியவள் என்றால் அவளிடமே கேட்க வேண்டும். ஒரு பகுதிக்குச் சம்மதித்து இன்னொன்றை மறுக்கவும் அவளுக்கு உரிமை உண்டு. மறுத்தாள் என்பதற்காகச் சிகிச்சையை நிறுத்த முடியாது. அப்புறம் நடந்ததை அவள் வாயால் கேட்டு, அவள் சொன்னபடியே எழுத வேண்டும். அதன்பிறகு ஒரு பெரிய தாளை விரித்து அதன்மேல் நிற்கவைத்துத் துணிகளை ஒவ்வொன்றாக வாங்குவார்கள். உதிர்கிற முடி, மண், இலைத்துணுக்கு எல்லாம் அந்தத் தாளில் விழும், தாளையும் மடித்து உறையிடுவார்கள். வாழைத் தோட்டத்துக்குள் நடந்தது என்று அவள் சொல்லியிருந்தால், பாவாடையில் ஒட்டிய ஒரு சருகுக்கும் அர்த்தம் வந்துவிடும். நகக்கண்ணில் உள்ளதை இடது கைக்குத் தனியாக, வலது கைக்குத் தனியாக எடுப்பார்கள். பஞ்சுக்குச்சியால் மாதிரி, டி.என்.ஏ. ஒப்பீட்டுக்கு ரத்தம், கர்ப்பமா என்று பார்க்கவும் மயக்கமருந்து கொடுக்கப்பட்டதா என்று பார்க்கவும் சிறுநீர்.

இதில் எளிதாகத் தவறிப்போகிற ஒரு சின்னக் காரியம், உலர்த்துவது. ஈரப் பஞ்சுக்குச்சியை அப்படியே குழாயில் அடைத்து மூடினால், ஈரத் துணியைப் பிளாஸ்டிக் பையில் கட்டினால், நம் சித்திரை வெயிலுக்கு ஓரிரு நாளில் பூஞ்சை பிடித்துவிடும். டி.என்.ஏ. சிதைந்துபோகும். நிழலில், காற்றில் உலர்த்தி, காகித உறையில் போட்டு, முத்திரை வைக்க வேண்டும். வீட்டிலிருந்து துணி கொண்டுவருகிறவர்களும் கேரி பேக்கில் திணிக்காமல், ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்தால் போதும். பழைய செய்தித்தாள்கூட ஆகும்.

மருத்துவர் எழுதும் அறிக்கையில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதைச் சட்டமே சொல்லியிருக்கிறது. பெயர், வயது, அழைத்து வந்தவர் யார், காயக் குறிகள், டி.என்.ஏ. சோதனைக்கு எடுத்த பொருள், மனநிலை, ஒவ்வொரு முடிவுக்கும் காரணம், சம்மதம் பெற்ற விவரம், பரிசோதனை தொடங்கிய நேரம், முடிந்த நேரம். ஏழு நாளுக்குள் அந்த அறிக்கை விசாரணை அதிகாரி கையில் போய்ச் சேர வேண்டும் என்று புதிய சட்டத்தின் 184ஆவது பிரிவு கெடு வைத்திருக்கிறது.

ஆனால் கோர்ட்டில் வக்கீல்கள் முதலில் கையில் எடுப்பது இந்த அறிக்கையை அல்ல, ஏ.ஆர். காப்பியை. ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்களே இரண்டு மூன்று வரி, அதுதான். நடுராத்திரி டூட்டியில் இருக்கும் பயிற்சி மருத்துவர், வரிசையில் நிற்கும் பைக் விபத்துக்காரர்களுக்கு நடுவே, கூட வந்த சித்தப்பாவிடம் "என்னாச்சு?" என்று கேட்டு எழுதுவது. பெண் வாயைத் திறந்தே இருக்க மாட்டாள். மானத்துக்குப் பயந்து சித்தப்பா "யாருன்னு தெரியல" என்று சொல்லியிருப்பார். தாளில் "தெரியாத நபரால்" என்று விழுந்துவிடும். ஆறு மாதமோ மூன்று ஆண்டோ கழித்து அவள் கூண்டில் ஏறி, பக்கத்துத் தெரு ஆளின் பெயரைச் சொல்லும்போது எதிர்த்தரப்பு வக்கீல் அந்தத் தாளை உயர்த்திக் காட்டுவார். "முதலில் தெரியாது என்றீர்கள், பெயர் எப்போது தெரிந்தது?" ஒரு சொல்லால் ஒரு வழக்கு தள்ளாடுவதை நான் பார்த்திருக்கிறேன். அதனால் கூட வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அவள் பேசட்டும். அவளால் அப்போது பேச முடியவில்லை என்றால், பேசும் நிலையில் இல்லை என்றே எழுதச் சொல்லுங்கள். எழுதியதை வாசித்துக் காட்டக் கேளுங்கள்.

சரி, இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். அறிக்கையில் வருகிற "உடலில் வெளிக்காயம் ஏதுமில்லை" என்ற அந்த வரி.

அந்த வரியைப் படித்ததும் குடும்பமே இடிந்து உட்கார்ந்துவிடுகிறது. ஊரும் "பாத்தீயளா, ஒண்ணுமே இல்லியாம்" என்று பேச ஆரம்பித்துவிடும். மருத்துவம் சொல்வது வேறு. பலவந்தமாக நடந்த சம்பவங்களிலும் மூன்றில் ஒரு பங்கில்தான் காயம் காணப்படுகிறது என்று 2014 வழிகாட்டியே பதிவு செய்திருக்கிறது. அப்படியென்றால் காயமில்லாத நிலைதான் பெரும்பான்மை. காரணங்கள் தெளிவானவை. கழுத்தில் அரிவாளை வைத்தால் யாரும் திமிற மாட்டார்கள். பயத்தில் உடல் விறைத்துப்போகும், கத்தக்கூடக் குரல் எழாது. மயக்கமருந்து கொடுத்திருக்கலாம். செய்தவன் மாமன் முறையுள்ளவனாகவோ வேலை கொடுக்கிறவனாகவோ இருந்தால் எதிர்ப்பே வேறு மாதிரி இருக்கும். இருந்த சிராய்ப்பும் வீக்கமும் நாலு நாளில் ஆறிவிடும். பிறப்புறுப்பின் தசைக்கு விரிந்துகொடுக்கும் தன்மை இருப்பதால் பருவம் வந்த பெண்ணுக்கு அங்கே காயமே ஏற்படாமலும் போகலாம்.

"விந்தணு காணப்படவில்லை" என்ற வரியும் அப்படித்தான். ஆணுறை அணிந்திருக்கலாம், குளித்திருக்கலாம், நாள் கடந்திருக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, 2013 திருத்தத்துக்குப் பிறகு வன்புணர்ச்சி என்பதன் சட்ட வரையறையே விரிந்துவிட்டது. விரலோ ஒரு பொருளோ நுழைக்கப்பட்டாலும் அது வன்புணர்ச்சிதான். அங்கே விந்தணுவைத் தேடுவதற்கே இடமில்லை.

காயத்தைத் தேடும் இந்தப் பழக்கத்தால் இந்தியா ஒருமுறை பெரிய அவமானத்தைச் சந்தித்தது. 1972இல் மகாராஷ்டிரத்தில் மதுரா என்ற பழங்குடிச் சிறுமி காவல் நிலையத்துக்குள்ளேயே இரு போலீஸ்காரர்களால் சிதைக்கப்பட்டாள். உடலில் காயமில்லை, எதிர்த்ததற்கான அடையாளமில்லை என்பதை ஒரு காரணமாகக் காட்டி 1978இல் உச்ச நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது. நாடெங்கும் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. 1996இல் பஞ்சாப் அரசு எதிர் குர்மித் சிங் வழக்கில், பாதிக்கப்பட்ட பெண்ணின் சாட்சியம் நம்பத்தகுந்ததாக இருந்தால் அதற்கு வேறு துணைச்சான்று தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. உடலால் எதிர்க்கவில்லை என்ற ஒன்றை மட்டும் வைத்து அவள் சம்மதித்தாள் என்று கொள்ளக் கூடாது என்பது 2013 முதல் சட்டத்தின் வாசகத்திலேயே இருக்கிறது. மருத்துவச் சான்று அவள் சொல்லுக்குத் துணை நிற்க வேண்டியது. அவள் சொல்லை நிறுத்துப் பார்க்கும் தராசாக அதை ஆக்கியது நாம்தான்.

அந்தத் தராசில் மிகக் கொடியது இரு விரல் சோதனை. உடலுறவுக்குப் "பழக்கப்பட்டவளா" என்று பார்க்கிறேன் என்ற பெயரில், பிறப்புறுப்புக்குள் இரு விரலை விட்டு மருத்துவரே செய்த இன்னொரு அத்துமீறல். மருத்துவ ரீதியாக அதற்கு மதிப்பில்லை. கன்னித்திரையின் நிலையை வைத்து ஒருத்திக்கு நடந்ததையோ நடக்காததையோ சொல்ல முடியாது. அவள் முன்பு யாரோடு எப்படி இருந்தாள் என்பதும் வழக்குக்குச் சம்பந்தமில்லாதது. 2013இல் லில்லு வழக்கில் உச்ச நீதிமன்றம் இது அந்தரங்க உரிமையை மீறுவது என்றது. 2014 வழிகாட்டி தடுத்தது. இருந்தும் அறிக்கைகளில் அது வந்துகொண்டே இருந்தது. நம் மாவட்டத்து மேல்முறையீடுகள் போகிற உயர் நீதிமன்ற மதுரைக் கிளைதான் 2022 ஏப்ரலில், ஒரு போக்சோ மேல்முறையீட்டில், இந்தச் சோதனையை உடனே தடைசெய்யும்படி தமிழக அரசுக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டு அக்டோபர் 31 அன்று, இதைச் செய்கிறவர் தவறான நடத்தைக்குக் குற்றவாளி ஆவார் என்று உச்ச நீதிமன்றமும் சொன்னது. ஆகவே பரிசோதனை அறையில் யாராவது இதைத் தொடங்கினால் "வேண்டாம்" என்று சொல்ல அந்தப் பெண்ணுக்கும், கூட நிற்கிற தாய்க்கும் முழு உரிமை உண்டு.

முத்திரையிட்ட உறைகள் ஆஸ்பத்திரியிலிருந்து போலீசுக்கும், நீதிமன்றத்தின் வழியாக ஆய்வகத்துக்கும் போகும். சென்னை மாகாணத்தில் ரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் 1849இலேயே வந்துவிட்டது. இன்றைய தமிழகத் தடய அறிவியல் துறைக்கு வேர் அதுதான். திருநெல்வேலியிலும் வட்டார ஆய்வகம் ஒன்று இருக்கிறது. இந்தப் பயணத்தில் ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் கையெழுத்து, தேதி, நேரம் வேண்டும். உறை யாரிடம் எத்தனை நாள் இருந்தது, குளிர்பெட்டியில் இருந்ததா, மேசை இழுப்பறையில் இருந்ததா என்ற கேள்விக்குப் பதில் இல்லையென்றால், ஆய்வக முடிவு எவ்வளவு நன்றாக இருந்தாலும் சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்கே போகும். குற்றம் சாட்டப்பட்டவரின் உடலையும் பரிசோதித்து மாதிரி எடுக்கச் சட்டம் வழிசெய்திருக்கிறது என்பதை இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள். அவன் உடலிலும் நகக்கீறல் இருக்கும், அவன் சட்டையிலும் அவள் முடி இருக்கும். அவனை உடனே பிடித்துப் பரிசோதித்தால்தான் அதெல்லாம் கிடைக்கும்.

டி.என்.ஏ. பொருந்திவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். அவன் உடல் தொட்டது என்பதை அது சொல்லும், சம்மதம் இருந்ததா என்பதை அதனால் சொல்ல முடியாது. வயது வந்த பெண்ணின் வழக்கில் எதிர்த்தரப்பு அந்த இடத்துக்குத்தான் நகரும். 18 வயதுக்குக் கீழே என்றால் சம்மதம் என்ற வாதமே எழாது. அப்போது வயதுதான் சண்டைக்களம். பள்ளிச் சான்றிதழ், அது இல்லையென்றால் நகராட்சியோ ஊராட்சியோ தந்த பிறப்புச் சான்றிதழ், இரண்டும் இல்லாதபோதுதான் எலும்பு எக்ஸ்ரே என்ற வரிசையை இளைஞர் நீதிச் சட்டம் வைத்திருக்கிறது. எக்ஸ்ரே கணக்கில் இரண்டு வருடம் முன்னே பின்னே வரலாம் என்பதால் அந்த வரிசைக்கு அர்த்தம் உண்டு.

மாதக் கணக்கில் தாமதமான வழக்குகளுக்கு என்ன வழி? வயிற்றுவலி என்று கூட்டிப்போய், ஸ்கேனில் கர்ப்பம் தெரியவந்து வழக்காகிற சிறுமிகள் இருக்கிறார்கள். அங்கே பஞ்சுக்குச்சிக்கு வேலையில்லை. ஆனால் கருக்கலைப்பு செய்தால் அந்தத் திசுவும், பிள்ளை பிறந்தால் பிள்ளையின் ரத்தமும் தந்தை யாரென்று காட்டிவிடும். திசுவைக் கழிவோடு போட்டுவிடாமல் குளிர்நிலையில் பாதுகாத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதை வார்டில் உள்ள எல்லோருக்கும் முன்பே சொல்லிவைப்பது நல்லது. தூக்கமின்மை, திடுக்கிட்டு விழிப்பது, பள்ளிக்குப் போக மறுப்பது போன்றவற்றை மனநல மருத்துவர் பதிவு செய்ததும் சான்றுதான்.

உடலில் இருந்த தடயமெல்லாம் காலத்தோடு போன பிறகும் வழக்கு நிற்கும் என்பதற்கு வாச்சாத்தியை விடப் பெரிய எடுத்துக்காட்டு தமிழ்நாட்டில் இல்லை. தருமபுரி மாவட்டத்தின் அந்த மலைக்கிராமத்தில் 18 பெண்கள் சிதைக்கப்பட்டது 1992 ஜூனில். சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவு வந்தது 1995இல். 2011 செப்டம்பர் 29 அன்று, குற்றம் சாட்டப்பட்ட அரசு ஊழியர்களில் உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர்களில் 17 பேர் மீது பாலியல் வன்கொடுமைக் குற்றம் உறுதியானது. 2023 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றமும் அந்தத் தண்டனையை உறுதிசெய்தது. அந்தப் பெண்கள் கூண்டில் ஏறித் திரும்பத் திரும்பச் சொன்ன சொல்லில்தான் வழக்கு நின்றது.

கடைசியாக ஒரு சின்ன நடைமுறை விஷயம். பாளையங்கோட்டை நீதிமன்றத்தில் மருத்துவர் சாட்சி சொல்லும் நாளில், குறுக்கு விசாரணையில் ஒரு கேள்வி தவறாமல் வரும். "காயம் எதுவும் நீங்கள் பார்க்கவில்லை, சரிதானே?" மருத்துவர் "ஆமாம்" என்பார், அது உண்மை. அவ்வளவோடு அவர் இறங்கிப் போய்விட்டால் அந்த "ஆமாம்" மட்டும்தான் பதிவில் இருக்கும். அரசு வக்கீல் எழுந்து மறுவிசாரணையில் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும். "காயம் இல்லாததால் அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று உங்களால் சொல்ல முடியுமா?" எந்த மருத்துவராக இருந்தாலும் "முடியாது" என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். அந்தக் கேள்வி கேட்கப்படாமலே போன நாட்களை நான் கோர்ட்டு பெஞ்சில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அதனால் இப்போதெல்லாம் சாட்சி நாளுக்கு முந்தின சாயங்காலமே அரசு வக்கீலைப் போய்ப் பார்த்து, அந்தக் கேள்வியை ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறோம்.